மூன்றாம் மாடிக் கதவு

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். சம்பளத்தைப் பற்றியோ வயதைப் பற்றியோ சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஊரில் பாதிப் பேர் அப்படிச் சொல்லித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். நான் சொன்னதோ ஒரு வீடியோ கேமைப் பற்றி.

என் பெயர் அறிவு. வயது முப்பத்து மூன்று. சேலம் ஜங்ஷனில் சரக்கு ரயிலுக்கு உதவி ஓட்டுநர். அப்பா சின்னுசாமி அதே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையில் இருந்தபோது சூரமங்கலத்தில் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு வேலை கிடைத்த பிறகு இரண்டு தெரு தள்ளி இன்னொன்றில் இருக்கிறோம். நாங்கள் வாழ்க்கையில் கண்ட முன்னேற்றம் அந்த இரண்டு தெருதான்.

மூன்று தடவை எழுதிக் கொடுத்து, மூன்றாவது தடவை பதினொரு நாள் லீவு கிடைத்தது. எனக்குப் பெண் பார்க்கத்தான் லீவு என்று அம்மா முடிவு செய்திருந்தாள். என் திட்டம் வேறு. லீவு விட்டால் நான் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று. பீரோ மேலே இருக்கும் பழைய பிளேஸ்டேஷனை இறக்கி, தூசி தட்டி, ‘ஆஸ்பத்திரிப் பேய்’ போடுவேன். அது அதன் உண்மையான பெயர் இல்லை. ஜப்பான்காரன் என்ன பெயர் வைத்தானோ, எங்கள் கடைவீதியில் திருட்டு சிடி விற்றவர் மேலே பேனாவால் எழுதியிருந்த பெயர் அது. பதினாறு வயதில் வாங்கினேன்.

ஒரு டாக்சி டிரைவர். மழையில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒரு மலை ஆஸ்பத்திரிக்கு வருகிறான். இறங்கிப் பார்த்தால் பின்சீட்டில் ஆள் இல்லை, வாசல் கேட் பூட்டிக்கொள்கிறது. உள்ளே தலை முழுக்கக் கட்டுப்போட்ட உருவங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. கையில் ஒரு டார்ச், ஒரு துப்பாக்கி, ஆறு குண்டு. ஆட்டத்தைச் சேமித்து வைக்க வேண்டுமானால் கீழ்த்தளத்தில் இருக்கும் நோயாளிப் பதிவேட்டில் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். ஒரு தடவை எழுதினால் ஒரு பென்சில் காலி. மொத்தம் ஏழு பென்சில்தான். இந்தக் கஞ்சத்தனம்தான் அந்த ஆட்டத்தின் அழகு. இப்போது வருகிற ஆட்டங்களில் குண்டைத் தவிட்டு மூட்டைபோல் கொட்டுகிறார்கள், பயம் எங்கிருந்து வரும்?

சேந்தமங்கலத்தில் ஜெயப்பிரியா வீடு. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லாரியில் வரும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை உண்டா என்று பார்த்து, சரியில்லாத லோடைத் திருப்பி அனுப்புவாள். வழக்கம்போல் பலகாரம், காபி, ஜாதகம், கொஞ்சம் மழையைப் பற்றிய பேச்சு. பிறகு எங்கள் இருவரையும் பத்து நிமிடம் பேசிவிட்டு வரச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

லீவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கோயில், சொந்தக்காரர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏனோ உண்மை வந்துவிட்டது. பழைய பேய் கேம் ஆடுவேன் என்றேன். எது என்றாள். டாக்சி டிரைவரைச் சொன்னதும் துவைத்துப் போட்டிருந்த துணியை விலக்கிவிட்டு என் எதிரே வந்து நின்றாள். அவளுக்கும் அந்த ஆட்டம் தெரியும். பெங்களூரிலிருந்து மாமா வாங்கி வந்த சிடியாம். பொங்கல் லீவில் வருடம் தவறாமல் எடுத்துப் போடுவாளாம். முதல் மாடியில் குண்டே செலவழிக்காமல் போக ஒரு வழி இருக்கிறது என்று, தண்ணீர்த் தொட்டி மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? இவளைத்தான் கட்ட வேண்டும் என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

“கடைசில அந்த நர்ஸம்மா ஒண்ணு பண்ணுவாளே, பாத்துட்டு எப்படி இருந்துச்சுங்க?”

நான் அந்த ஆட்டத்தை முடித்ததே இல்லை. பதினேழு வருடத்தில் பதினொரு தடவை ஆரம்பித்திருக்கிறேன். பதினொரு தடவையும் மூன்றாம் மாடியோடு நின்றுபோனது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? “அத மறக்க முடியுங்களா” என்றேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அவள் சிரித்தாள். படியில் இறங்கும்போது ஒன்று சொன்னாள். இதற்கு முன் வந்த வரன் ஒன்று, படிப்பு, வேலை, பழக்கம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாம். நிச்சயத்துக்கு முன்னால் தெரிந்து நின்றுபோனதாம். “வேற எது கொறையா இருந்தாலும் ஒத்துக்குவனுங்க. பொய்யி மட்டும் ஆகாதுங்க.” நான் மீதிப் படிகளை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. கையில் ஆறு நாள் இருந்தது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ‘ஆஸ்பத்திரிப் பேயை’ முடித்து, அந்த நர்ஸம்மா என்னதான் செய்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பொய் என்பதே இல்லாமல் போய்விடும் அல்லவா? அகப்பட்டுக்கொண்டவன் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

திங்கள் காலை உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டி மேல் அவள் போட்ட கோட்டின்படியே போனேன். முதல் மாடியில் ஒரு குண்டு செலவாகவில்லை. எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பதினேழு வருடம் பழகிய வீட்டில் ஒருத்தி வந்து புது ஜன்னல் திறந்து வைத்தமாதிரி இருந்தது. இரண்டாம் மாடியில் எக்ஸ்ரே அறையில் மூன்று பேர் துரத்த, நான் போட்ட கூச்சலில் அடுத்த குவார்ட்டர்ஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பெண் பார்த்துவிட்டு வந்த சந்தோஷம் என்று அம்மா அவருக்கு விளக்கம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடி. நீளமான தாழ்வாரம், ஐந்து கதவு. நான்கு கதவுக்குள்ளும் போய்வரலாம். உள்ளே ஒன்றும் கிடையாது. தாழ்வாரத்தின் கோடியில் ஐந்தாவது கதவு. அதன் மேல் ஒரு சிவப்பு லைட் எரிகிறது.

அதை எப்படி அணைப்பது அல்லது பச்சையாக்குவது என்பதுதான் பதினேழு வருடப் பிரச்சினை. எங்கேயோ ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். எல்லாச் சுவரையும் தட்டினேன். எல்லாக் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். பிணவறை அலமாரிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். நடுவில் சேமித்து வைக்க ஒவ்வொரு தடவையும் மூன்று மாடி இறங்கி, கீழ்த்தளப் பதிவேட்டுக்கு ஓடி, மறுபடி மூன்று மாடி ஏறினேன். செவ்வாய் முடிவதற்குள் நான்கு பென்சில் தீர்ந்தது.

புதன்கிழமை மத்தியானம் காளியண்ணன் வந்தார். நான் உதவி ஓட்டுநராகப் போகும் வண்டிகளில் பெரும்பாலும் அவர்தான் ஓட்டுநர். இருபத்தெட்டு வருட சர்வீஸ், ஒரு நாள்கூட சிக்னலைத் தாண்டியதில்லை. பெண் விஷயம் கேட்க வந்தவர் திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அவர் வலது கை தானாக உயர்ந்தது. “சிவப்பு” என்றார். “சிவப்பு” என்று நானும் திருப்பிச் சொன்னேன். இஞ்சினில் அப்படித்தான், ஒருவர் சிக்னலைப் பார்த்துச் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கதவின் முன் நின்றோம். அதாவது டாக்சிக்காரன் நின்றான், நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

காளியண்ணன் விஷயத்தை முறைப்படி அணுகினார். சிவப்பில் போக வேண்டுமானால் ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். ஆகவே இந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு ஆள் இருக்க வேண்டும், அப்படி ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் இது தோன்றவில்லையே. இரண்டாம் மாடி மேஜையில் ஜப்பான் எழுத்தில் ஒரு காகிதம் கிடைத்திருந்தது. அதைத் திரையில் விரித்து, இருவரும் கண்ணாடி போடாத குறையாக உற்றுப் பார்த்தோம். கீழே சீல் மாதிரி ஒன்று இருந்தது. “சீலு இருக்குது தம்பி, இதேதான்” என்றார். அந்தக் காகிதத்தோடு போய்க் கதவின் முன் நின்றோம். லைட் மாறவில்லை. ஒரு மணி நேரம் மாறவில்லை. தேதி தவறாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

வியாழன் போனது. குண்டு ஒன்று, பென்சில் ஒன்று மிச்சம். வெள்ளிக்கிழமை காலை பொறுமை கெட்டு, ஆட்டத்தின் முதல் பக்கத்தைப் போனில் படம் பிடித்துத் தேடினேன். உடனே கிடைத்தது. யாரோ ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை ஆடிக் காட்டும் மூன்று மணி நேர வீடியோ. பார்த்தால் தீர்ந்தது. விரலை அதன்மேல் வைக்கப் போனேன்.

வைக்க முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டுப் போய் அவளிடம் பேசினால் ஒரு பொய் இரண்டு பொய்யாகும். அவள் இன்னொன்று கேட்பாள், அதற்கும் போனைப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் போனை ஒளித்துவைத்துக்கொண்டு எத்தனை வருடம் குடித்தனம் நடத்துவது? எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அவள் வேண்டும், பொய் சொன்னவனாக அவள் எதிரே உட்கார வேண்டாம். இரண்டும் சேர்ந்து நடக்க ஒரே வழிதான் இருந்தது. அதில் அவள் கிடைக்காமல் போகவும் வழி இருந்தது.

மில்லின் மத்தியான இடைவேளையில் அவளைப் போனில் கூப்பிட்டேன். தண்டவாளத்தில் குதிப்பவனைப்போல் ஒரே மூச்சில் சொன்னேன்: நான் அந்த ஆட்டத்தை முடித்ததில்லை, நர்ஸைப் பார்த்ததில்லை, அன்றைக்குப் பொய் சொன்னேன்.

மறுமுனையில் மில் ஓடும் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது.

“அந்த ஆட்டத்துல நர்ஸே கெடையாதுங்க” என்றாள்.

அவள் அன்று மாடியிலேயே சோதித்திருக்கிறாள். மக்காச்சோள லாரிக்குள் சாம்பிளுக்குக் குத்தூசி விட்டுப் பார்ப்பதுபோல் எனக்குள்ளும் ஒன்று விட்டுப் பார்த்திருக்கிறாள். நான் மண்டையை ஆட்டி ஆட்டிப் பொய் சொன்னதைப் பார்த்துக்கொண்டே படி இறங்கியிருக்கிறாள். ஐந்து நாளாக நான் சொல்வேனா என்று காத்திருந்ததாகச் சொன்னாள். குரலில் கோபமும் தெரியவில்லை, சிரிப்பும் தெரியவில்லை. எதுவரைக்கும் போனீர்கள் என்று கேட்டாள். மூன்றாம் மாடி, கடைசிக் கதவு என்றேன். ஏன், அதற்கு என்ன என்றாள்.

“செவப்பு எரியுதுங்களே.”

“எரிஞ்சா? தொறந்து பாத்தீங்களா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி அதற்குமுன் எனக்குள் வந்ததே இல்லை. பாயிண்ட்ஸ்மேன் வீட்டில் பிறந்தவன் நான். ரயில்வே காலனியில் சின்ன வயதில் ரயில் ஆட்டம் ஆடினால்கூட, எதிரே சிவப்புச் சட்டை போட்டவன் வந்தால் அவன் போகும்வரை பெட்டி அத்தனையும் தெருவில் நிற்கும். அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டேன். பதினேழு வருடமாகவா என்றாள். ஆமாம் என்றேன். இருபத்தெட்டு வருட சர்வீஸ் உள்ள காளியண்ணனும் சேர்ந்துதான் நின்றார் என்று, ஒரு துணைக்கு அவரையும் சொன்னேன்.

முதலில் ஒரு மூச்சு இரைந்தது. பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி, ஏதோ பேச முயன்று, மறுபடி சிரித்தாள். அங்கே யாரோ என்னம்மா ஆச்சு என்று கேட்பது எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகவும், அதுவரை அந்தக் கதவைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சம்மதமா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடு பார்க்கப் பெண்ணே வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் ஞாயிறு காலை அவள் அப்பா அம்மாவோடும், பெங்களூர் மாமா காளிதாஸோடும் வந்து இறங்கியதைப் பார்த்து என் அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காபி கொடுத்தோம். காளிதாஸ் மாமா ஹாலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். ராத்திரி பகல் இல்லாத வேலையாமே, தீபாவளிக்குக்கூட வீட்டில் இருக்க மாட்டார்களாமே, பிள்ளை குட்டி ஆனால் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் உண்மை. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே போனார். காரியம் நழுவிப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஜெயப்பிரியா எழுந்து வந்து டிவி முன் பாயில் உட்கார்ந்தாள். எங்கே, போடுங்கள் பார்ப்போம் என்றாள். அவள் அம்மா கண்ணால் அதட்டியதை அவள் கண்டுகொள்ளவில்லை. நானும் போட்டேன். டாக்சிக்காரன் மூன்றாம் மாடிக் கோடியில், கதவின் முன்னால் வந்து நின்றான்.

“தொறங்க” என்றாள்.

கட்டை விரல் பொத்தான் மேல் இருந்தது. அமுங்கவில்லை. பெண் வீட்டார் நான்கு பேர் பார்க்கிறார்கள், என் நெற்றியில் வேர்க்கிறது. நீங்களே திறந்துவிடுங்கள் என்று கன்ட்ரோலரை அவளிடம் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றாள். சிவப்பில் போக ஒரு வழியுமே இல்லையா என்று கேட்டாள். ஒன்று இருக்கிறது என்றேன். சென்னைப் பக்கம் சில சிக்னல் கம்பத்தில் தனியாக ஒரு அடையாளப் பலகை இருக்கும். அங்கே சிவப்பு என்றால், பகலில் ஒரு நிமிடம் முழுசாக நின்று, ஹாரன் அடித்து, மெதுவாகப் போகலாம்.

“இப்ப பகல்தானுங்களே. நில்லுங்க” என்று சொல்லித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்த ஒரு நிமிடம் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காளிதாஸ் மாமா திரையைப் பார்த்தார். ஜெயப்பிரியா தலையை நிமிர்த்தி, போகலாம் என்றாள். ஹாரனுக்குப் பதிலாக நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

உள்ளே ஒரு சின்ன அறை. மேஜை விளக்கு, ஒரு நாற்காலி, அடுப்பில் ஆவி பறக்கும் கெட்டில். பக்கத்தில் பதிவேடு, அதன் மேல் மூன்று புதுப் பென்சில். பின்னணியில் தாலாட்டு மாதிரி ஒரு இசை. கட்டுப்போட்ட தலை ஒன்றுகூட அந்த அறைக்குள் வராது. மொத்த ஆஸ்பத்திரியிலும் பயமில்லாத அறை அது ஒன்றுதான். பதினேழு வருடம் அதன் வாசலில் பேய்களோடு நின்றுவிட்டு, பதிவேட்டுக்காக மூன்று மாடி ஓடி ஓடி இறங்கியிருக்கிறேன்.

“ஜப்பான் நாட்டுல போலீஸ் பூத்து வாசல்ல செவப்பு லைட்டுதான் போடுவாங்களாமா. பயந்து ஓடி வாரவங்களுக்கு எடம் தெரியோணும்னு” என்றாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைக் கேலியாகப் பார்க்கவில்லை.

பிறகு நான்காம் மாடி. ஒரு தாழ்வாரம் அவள், ஒரு தாழ்வாரம் நான். அவள் கையில் டாக்சிக்காரன் கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல் நடந்தான். என் கையில் வந்ததும் சுவரில் முட்டினான். சற்று நேரத்தில் காளிதாஸ் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த சிடியை வாங்கி வந்தவர் அவர்தான், ஆனால் ஒரு நாளும் ஆடியதில்லையாம். பின்னால் ஒருத்தன் வருகிறான், இடது பக்கம் திரும்பு, டார்ச்சை அணை என்று தீபாவளியை மறந்து உத்தரவு போட ஆரம்பித்தார். அப்பாவும் அவருமாக ஒரு சாவி எதற்கென்று வாதாடினார்கள்.

ஒன்றரை மணிக்கு அவள் அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போன வீடுகள் எத்தனையோ எங்களுக்குத் தெரியும். சமையலறையில் குக்கரில் அரிசிம்பருப்புச் சாதம் தயாராக இருந்தது. ஆனால் அம்மாவால் சாப்பிட்டுப் போங்கள் என்று கூப்பிட முடியாது. சம்பந்தம் முடிவாகாத வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். இலையில் உட்கார்ந்து கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“அம்மிணி, கெளம்பலாமா?” என்றார் அவள் அப்பா.

அது என் தாழ்வாரம். கையில் கடைசிக் குண்டு. எதிரே இரண்டு பேர் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறார்கள். ஜெயப்பிரியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“அத்தை, பசிக்குதுங்க. எல்லாருக்கும் சோறு போடுங்க.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்பா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அவள் அப்பா நின்ற இடத்திலேயே நின்று, ஒரு தடவை மகளைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்து நாற்காலி முதுகில் மடித்துப் போட்டுவிட்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். திரையில் எங்கள் டாக்சிக்காரன், கையில் குண்டோடு, அசையாமல் நின்று செத்துப்போனான். அவனைக் கவனிக்க அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை.